கழுத்து வரைக்கும் கேள்வி

கே: கழுத்தில் திடீரென்று பட்டாணி அளவுக் கட்டி. எதனால்?
– வெல்டர், ஒரகடம்

ப: சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் புண், எது வந்தாலும் கழுத்தில் நெறி கட்டும். நெறி என்பது உடம்பின் செக்யூரிட்டி கேட். வேண்டாத ஆள் நுழைந்தால் அங்கேதான் முதல் சலசலப்பு. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் வடிந்துவிடும். வடியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: அமுக்கினாலும் வலிக்கவில்லை. பயமில்லைதானே?
– லைன் ஆபரேட்டர், ஸ்ரீபெரும்புதூர்

ப: வலிக்கிற கட்டி பெரும்பாலும் சாதாரணத் தொற்று. வலியே இல்லாமல், கல் மாதிரி, அசையாமல் வளர்கிறதே, அதைத்தான் விடக்கூடாது. கூடவே விடாத காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவு இருந்தால் நாளைக்கே போங்கள். அமுக்கிப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

கே: டாக்டர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாரே?
– கேன்டீன் ஊழியர், இருங்காட்டுக்கோட்டை

ப: உபசாரம் இல்லை, டெஸ்ட்! விழுங்கும்போது கட்டியும் ஏறி இறங்கினால் தைராய்டாக இருக்கலாம். நாக்கை நீட்டும்போது நடுக்கழுத்தில் ஏறினால், பிறவியிலேயே தங்கிய நீர்க்கட்டியாக இருக்கலாம்.

கே: ஊசி குத்தி எடுத்தால் கட்டி பரவுமாமே?
– பெயர் வேண்டாம், வல்லம்

ப: டீக்கடைப் பேச்சு. மெல்லிய ஊசி, சில நிமிட வேலை, தையல் கிடையாது. கட்டி இன்னதென்று தெரியாமலே மாத்திரை விழுங்குவதுதான் ஆபத்து.

கே: டி.பி. என்று ரிப்போர்ட். எனக்கு இருமலே இல்லை! ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டச் சொல்வார்களோ?
– ஒரு வாசகி, சுங்குவார்சத்திரம்

ப: டி.பி. நெறியிலும் வரும். முன்பு கண்டமாலை என்றார்கள். நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும் என்றால் பக்கத்துப் படுக்கைக்காரிக்குப் பொதுவாகத் தொற்றாது. நுரையீரல் டி.பி.க்கே வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்குக் காட்டியது, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். பெட்டி அங்கேயே இருக்கட்டும். வழக்கமாக ஆறு மாத மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. நடுவில் கட்டி கொஞ்சம் பெருத்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கே: லீவு போட்டால் சம்பளம் போகுமே?
– கான்ட்ராக்ட் தொழிலாளி, ஒரகடம்

ப: சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? அது உங்கள் காசு, கேட்டு வாங்குங்கள். நோய் விடுப்புக்கு 70 சதவீதம் வரை கிடைக்கும். டி.பி., புற்றுநோய் போன்றவற்றுக்கு, தகுதிக் காலம் நிறைந்திருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை.

கே: நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமலிருக்க உதட்டில் புகையிலை ஒதுக்குவேன். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– டிரைலர் டிரைவர், மாம்பாக்கம்

ப: உண்டு. வாய், தொண்டைப் புற்றுநோய் சிலருக்கு முதலில் கழுத்துக் கட்டியாகவே தலைகாட்டும். ஆறாத வாய்ப்புண், குரல் கம்மல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவரும் 1969-ல் புற்றுநோயால்தான் போனார். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம்கட்டித் தூங்குங்கள். லோடு லேட்டானால் சூப்பர்வைசர் திட்டுவார், அவ்வளவுதானே!