‘இட் இஸ் ஐ’ மாமா

மும்பை மாட்டுங்கா மாமா கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து மாமி, “யாரு?” என்பாள். “நான்தான்” என்றால் ஆயிற்று. இவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, “இட் இஸ் ஐ!” என்பார். “ஐயாவது கையாவது! பால் வாங்கிண்டு வந்தேளா, இல்லையா?”

‘இட்ஸ் மீ’ என்று சொல்லக் கூடாதாம். ‘இஸ்’ஸுக்குப் பின்னால் எழுவாய்தான் உட்கார வேண்டும், செயப்படுபொருள் அங்கே கால் வைக்கக் கூடாது. பல்லார்ட் எஸ்டேட்டில் வெள்ளைக்காரக் கம்பெனி ஸ்டெனோவாக இருந்த நாளிலிருந்து ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம்தான் அவருக்கு வேதம். அந்த ரென் துரை அந்தப் புத்தகத்துக்கு முன்பே, 1924-ல், ‘போ ஜெஸ்ட்’ என்று அந்நியப் படைவீரர்கள் கதை எழுதிப் பேர் வாங்கியவர் என்றால் மாமா நம்ப மாட்டார்.

போன் வந்தால் இன்னும் விசேஷம். பேங்குப் பெண், “சாரோட பேசலாமா?” என்பாள். “திஸ் இஸ் ஹி.” “சரி சார், அவர்கிட்ட குடுங்க.” “ஹி இஸ் ஸ்பீக்கிங்!” “பேசி முடிச்சதும் கூப்பிடச் சொல்லுங்க சார்.”

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிக’னில் அந்தோனியோ கடிதத்திலேயே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ வருகிறதே என்று யாரோ கேட்டார்கள். “பிரிண்டர் தப்பு” என்று முடித்துவிட்டார். தாராவியிலிருந்து இஸ்திரித் துணி கொண்டுவரும் பையன் தமிழ், மராத்தி, ஹிந்தி மூன்றும் பொளந்துகட்டுவான். ‘மீ அண்ட் மை பிரதர்’ என்று வாய் தவறியதற்கு அவனையும் வாசலில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

இதே மாமா பாஜிக்காரரிடம், “மேரேகோ பாவ் கிலோ பேண்டி தேவ்” என்பார். புத்தக ஹிந்தியில் அது ‘முஜே’. பாஜிக்காரர் திருத்துவதில்லை. வெண்டையை நிறுத்துப் போட்டு, மேலே கொசுறாகக் கொத்தமல்லியும் வைக்கிறார்.

மூன்றாம் மாடிப் பையன் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு, துக்கம் கேட்க வந்த ஆபீஸ்காரர்களிடம், “ஹி லெஃப்ட் மை மதர் அண்ட் ஐ” என்று விம்மினான். பக்கத்தில் நின்ற மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மதர் அண்ட் மீ” என்றார். பையன், “சாரி அங்கிள்” என்றான். மாமா, அன்றைக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிறகு அவனுடைய வேலை விண்ணப்பத்தை ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து திருத்தி, காப்பிகூட வாங்கிக் குடிக்காமல் வந்தவர் நீங்கள்தான். இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.