சாமியாருக்கு நாற்பது டிகிரி

ஆஸ்திரேலியாவிலிருந்து கொடைக்கானலுக்கு வந்தவர்கள் யாரும் இதுவரை குளிரைக் குறை சொன்னதில்லை. யூகலிப்டஸ் வந்தது, மலையில் பாதியை வளைத்துப் போட்டுக்கொண்டது. வாட்டில் மரம் வந்தது. தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று நட்டார்கள், இப்போது வெட்ட வெட்ட முளைக்கிறது. கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக்குக்கும் ஆஸ்திரேலியாதான் சொந்த ஊர். அவ்வளவு ஏன், 1936-ல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டிய லீலாவதி அம்மையாரே ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவர்தான். இத்தனை நல்ல பெயர் எடுத்த நாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குத்தான் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் பியர்டட் டிராகன் என்கிற ஓணான். ஒரு முழத்துக்கு மேல் நீளம்; அதில் பாதி வால். கோபம் வந்தால் தொண்டை உப்பி, முள்முள்ளான தாடி கறுத்துவிடும். உச்சந்தலையில் ஒரு செதிலுக்கு அடியில் மூன்றாவது கண் இருக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலிருந்து கையை நீட்டினால் பருந்து என்று பதறுகிறார். தாடி, மூன்றாவது கண், மௌனம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்த்த என் மனைவி 'சாமியார்' என்று பெயர் வைத்தாள்.

கோயம்புத்தூரில் இருந்த மச்சான் மகன் வளர்த்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது கொண்டுவந்து விட்டான். "மாமா, ரொம்ப சாது. கத்தாது, கடிக்காது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம்." சொன்னதெல்லாம் சத்தியம். சொல்லாமல் விட்டதுதான் கொஞ்சம் நீளம்.

ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. எனவே இவர் எந்தக் காலத்திலோ வெளியேறிய முன்னோர்களின் கூண்டுப் பேரன். பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வெயில் காயும் கல்லில் சுமார் 40 டிகிரி வேண்டும் என்பதை மட்டும் பரம்பரைச் சொத்தாகக் காப்பாற்றி வருகிறார். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. கொடைக்கானலோ 7,000 அடி உயரம். சித்திரை வெயிலிலேயே ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று வீட்டில் கேட்டுத்தான் கழற்றுவேன்.

சரி, கண்ணாடி ஜன்னலோரம் வைப்போம் என்றேன். நடக்காதாம். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதை வடிகட்டிவிடும். மேலே அப்சர்வேட்டரியில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளியில் வாயு எப்படி ஓடுகிறது என்று எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கேதான். அதே ஊரில் ஒரு ஓணானுக்கு வெயில் காட்ட நான் ஒரு தனி டியூப்பும், அதற்கு மேல் ஒரு குண்டு பல்பும் வாங்க வேண்டியதாயிற்று. டியூப் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் தீர்ந்துவிடும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

குண்டு பல்பு கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணே, ஊரே எல்இடிக்கு மாறிருச்சு. இதை எதுக்குக் கேக்குறீங்க?"

"பல்லிக்கு."

"எங்க வீட்டுப் பல்லி டியூப்லைட்லயே நல்லாத்தாண்ணே இருக்கு."

100 வாட்ஸ் பல்பு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் மிச்சம் 28-ல்தான் நாங்கள் குடும்பம் நடத்துகிறோம். காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போனால் முதல் வெந்நீர்ப் பை சாமியாருக்கு. இரண்டாவது பை கிடையாது.

சாமியார் குடியிருக்கும் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியின் ஒரு கோடியில் பாலைவனம், மறு கோடியில் 25 டிகிரி நிழல். தரையில் மணல் போட்டால் தின்று வயிறு அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் செய்தித்தாள்தான் விரிப்பு. வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று அப்பா தன் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காலையில் பேப்பர் வருவதற்குள் நேற்றையதை விரித்துவிடுகிறேன். அவர் சால்வைக்குள் குனிந்து கண்ணாடி வழியாக அதை மறுபடி படிக்கிறார். "டேய், தலையங்கத்து மேல படுத்திருக்காரு. கொஞ்சம் நகரச் சொல்லு" என்று குரல் வரும். எனக்காக அவர் நகர்ந்ததில்லை. கீரைக்காக நகர்வார்.

சாப்பாட்டுக்கு வருவோம். கொடைக்கானல் எதற்கெல்லாம் பேர்போனதோ, அதெல்லாம் இவருக்கு ஆகாது. பட்டர் ஃப்ரூட் விஷம். புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு கூடாது. முட்டைக்கோஸ் அடிக்கடி தரக்கூடாது. பாலக்கீரை உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மலையேறி வரும் முருங்கைக்கீரைதான் அவருக்கு இஷ்டம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி வருகிற அந்தக் கீரையை நானே உருவுகிறேன். எனக்கு உருவிப் போட இந்த வீட்டில் யாரும் கிடையாது.

கீரை மட்டும் போதாது, பூச்சியும் வேண்டும். அதுவும் அவருடைய இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத பூச்சி. சுவர்க்கோழிகளை ஒரு டப்பாவில், முட்டை அட்டைகளுக்கு நடுவே வளர்க்கிறேன். தின்னக் கொடுக்குமுன் கால்சியம் பவுடர் உள்ள பையில் போட்டுக் குலுக்க வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளை பூசி வெளியே வரும்போது, தைப்பூசத்துக்குப் பழநி போய்வந்த பக்தர்கள் மாதிரி இருக்கும். அதில் சில தப்பி அலமாரிக்குப் பின்னால் போய் இரவு முழுக்கக் கச்சேரி நடத்துகின்றன.

இதற்கு மாற்றாகப் பட்டுப்புழு நல்லது என்று கேள்விப்பட்டு, உடுமலைப்பேட்டையில் பட்டுக்கூடு வளர்க்கும் நண்பரிடம் ஒரு டப்பா வாங்கி வந்தேன். சாமியார் நாக்கை நீட்டி ஒன்றை இழுத்து, கண்ணை மூடி மென்றார். அந்த நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்திருக்கீங்களா?"

சாமியார் நிதானமாக முன்னங்காலை உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டு இறக்கினார். 'நான் சண்டைக்கு வரவில்லை, பணிந்துவிட்டேன்' என்பதற்கு அவர்கள் இனத்தில் அதுதான் அடையாளம். நானும் அதையே செய்தேன். அவரைப் பார்த்துச் சிரித்தவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மே மாதம் மதுரையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அக்னி நட்சத்திரம் தாங்கவில்லையாம், குடும்பத்தோடு வந்து தங்குகிறோம் என்றார். "தாராளமா வாங்க சித்தப்பா. காலியா இருக்கிறது ஒரு ரூம்தான், அதுல பல்பு எரியும். தொட்டிக்குப் பக்கத்துல படுத்தா கொஞ்சம் சூடு தெரியும்" என்றேன்.

"எவ்வளவு சூடு?"

"பல்புக்குக் கீழ நாற்பது."

"இங்க இன்னைக்கு முப்பத்தெட்டுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.