வெப்பமே பஞ்சாங்கம்

கேள்வி: பருவத்துக்கேற்ப உருமாறும் பட்டாம்பூச்சிகள், பருவநிலை மாற்றத்தையும் சுலபமாகச் சமாளித்துவிடும்தானே?

பதில்: அப்படித்தான் தோன்றும்! ஆப்பிரிக்காவின் மலாவியில் உள்ள பைசைக்ளஸ் அனினானா என்ற பட்டாம்பூச்சியைப் பாருங்கள். புழுவாக இருக்கும்போது வெப்பம் 27 டிகிரி என்றால் மழைக்கால உடுப்பு: இறக்கையோரம் பெரிய கண்புள்ளிகள். எதிரி தலையை விட்டுவிட்டு அந்தப் புள்ளியைக் கவ்வும், பட்டாம்பூச்சி உயிர் தப்பும். 19 டிகிரி என்றால் வறட்சிக்கால உடுப்பு: சருகு நிறம். முட்டையிடுவதைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டுச் சருகோடு சருகாகக் கிடக்கும். (நல்ல குடும்பக் கட்டுப்பாடு!)

ஆக, வெப்பம்தான் அதற்குப் பஞ்சாங்கம். ஆனால், சூடு ஏறியும் மழை வராவிட்டால்? காய்ந்த இலைகள் நடுவே கண்புள்ளியோடு பளிச்சென்று வந்து நிற்கும், பறவைக்கு விருந்து. தலைமுறை போகப் போகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கு ஆளுக்கு ஆள் மரபணு வேறுபாடு வேண்டும். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்த உருமாற்றத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. எல்லோரும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்க்கும் ஊரில், இயற்கை யாரைத் தேர்ந்தெடுக்கும்?