போர்வைத் தையலில் மனமாற்றம்: தோற்றமும் வளர்ச்சியும் – ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

தமிழில் இனி ஆராய்வதற்குப் பொருளே இல்லை என்று நெறியாளர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. ஆனால், துண்டுத் துணிகளை இணைத்துத் தனக்கென்று ஒரு குயில்ட் தைக்க உட்காரும் ஒருவர், தானே தேடித் தானே தேர்ந்த டிசைனைத் தானே ஏன் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்ற கேள்விக்கு எவரும் முனைவர் பட்டம் வாங்கியதாக இந்த ஆய்வாளர் கேள்விப்படவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் விலகாதபடி குறுக்கும் நெடுக்கும் நூலோட்டித் தைத்திருக்கும். கூலிக்குத் தைப்பவர்கள் இவ்வாய்வில் சேரமாட்டார்கள். அங்கே டிசைனை மாற்றுபவர் வாடிக்கையாளர். அவரை ஆராயத் தனித் துறையே வேண்டும்.

2. கருதுகோள்

மனமாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் உலகில் மூன்றுக்கு மட்டுமே உண்டு: துணித் தட்டுப்பாடு, குளிர், குறித்த தேதி. மூன்றில் ஒன்றேனும் உள்ள இடத்தில் போர்வை முடியும். மூன்றும் இல்லாத இடத்தில் டிசைன் மட்டுமே வளரும்.

3. ஆய்வுக் களமும் தகவலாளியும்

களம், சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடம். காலம், அக்னி நட்சத்திரம். தகவலாளி, ஆய்வாளரின் மனைவி. மாதிரியின் அளவு ஒன்றுதானே என்று புள்ளியியலார் குறைப்படக்கூடும். ஒரே தகவலாளியிடமிருந்து ஒரே பிற்பகலில் ஒன்றுக்கொன்று முரணான பல கருத்துகள் கிடைத்தமையால் மாதிரி போதுமானதே என்று கொள்ளப்பட்டது.

முதன்மைக் கருவி, சுவரில் தொங்கும் ஒரு ஃபிளானல் துணி. பருத்தித் துண்டுகள் ஊசியோ பசையோ இல்லாமல் அதன் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும். எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். மனமாற்றத்துக்கு இவ்வளவு இணக்கமான சுவரை மனிதகுலம் வேறு எதற்காகவும் உண்டாக்கவில்லை. துணைக் கருவி, கைப்பேசி. சுவரிலுள்ள துண்டுகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால் எது வெளிர், எது அடர் என்பது தெளிவாகிவிடும். வேறு வேறு நிறம் என்று நினைத்த பச்சையும் சிவப்பும் படத்தில் ஒரே சாம்பலாக நிற்கும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

கருத்துக்கேட்பு முறையும் இங்கே பதிவுசெய்யத் தக்கது. தகவலாளி கேட்பார்: “ஏங்க, இந்த நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“நல்லாத்தானே இருக்கு” என்றால், “பாக்காமலே சொல்றீங்க” என்று நீலம் எடுக்கப்படும். “ஆமா, கொஞ்சம் தூக்கல்தான்” என்றால், “அப்பவே சொல்றதுக்கென்ன?” என்று நீலம் எடுக்கப்படும். ஆகவே ஆய்வாளரின் விடைக்கும் நீலத்தின் கதிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

4. தேர்வின் பெருக்கம்: ஒரு கணக்கு

டிசைன் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை குயில்ட் வடிவங்களை வெளியிட்டு வந்தது. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அடுத்த வடிவம் வரும்வரை வாசகி காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் கையிலிருந்ததைத் தைத்திருப்பார். இன்று கட்டைவிரலை ஒருமுறை மேலே தள்ளினால் அடுத்த வடிவம் வந்துவிடுகிறது.

வடிவத்தை உறுதி செய்துவிட்டாலும் சிக்கல் தீராது என்பதற்கு ‘லாக் கேபின்’ என்ற பழைய கட்டமே சான்று. நடுவில் ஒரு சிறு சதுரம். பெரும்பாலும் சிவப்பு, வீட்டின் கணப்பு நெருப்பைக் குறிப்பது என்பார்கள். அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் துணி. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர்நிறம், எஞ்சிய இரண்டில் அடர்நிறம். ஆகக் கட்டம் மூலைவிட்டமாக இருள்பாதி, ஒளிபாதியாகப் பிரிகிறது. இதே கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் ஒருமுறை வைரமும் இன்னொருமுறை உழவுச்சால் போன்ற சாய்கோடுகளும் தெரியும்.

ஒரு கட்டத்தை நான்கு விதமாகத் திருப்பலாம். நாலுக்கு நாலு என்று பதினாறே கட்டங்கள் கொண்ட சிறு விரிப்பை எடுத்துக்கொள்வோம். அடுக்கும் வழிகள் மொத்தம் 429,49,67,296. ஓர் அமைப்பைச் சுவரில் வைத்து, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் என்று மிகச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும், ஊண் உறக்கமின்றி 8,165 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். “முழு விரிப்பையே திருப்பிப் போட்டால் வருகிற அமைப்பைத் தனியாக எண்ணலாமா?” என்று நுண்மாண் நுழைபுலம் மிக்கார் வினவலாம். எண்ணவேண்டாம், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்றே கொள்வோம். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் மிஞ்சும். எல்லா அமைப்பையும் பார்த்துவிட்டுத்தான் தைப்பது என்று கட்டபொம்மன் காலத்தில் ஒருவர் தொடங்கியிருந்தால் இன்னும் கால்பங்கைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

5. வரலாற்றுச் சான்றுகள்

அ) துணித் தட்டுப்பாடு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்ற போர்வையைத் தைக்கிறார்கள். பழைய சேலையும் சட்டையும்தான் மூலப்பொருள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்று கருதுவார்கள். வரைபடமில்லை, சுவரில்லை. அடுத்த துண்டு எதுவோ அதுவே அடுத்த டிசைன். நடுவை அடைந்ததும் வேலை முடிந்தது. மாற்றுவதற்கு இடமே இல்லை. இந்த முறையைத் தகவலாளியிடம் விளக்கியபோது, “ரொம்ப அழகா இருக்கே, நானும் இப்படியே பண்றேன்” என்று அதுவரை வைத்திருந்த டிசைனைக் கைவிட்டார். சான்று இவ்வாறு தனக்கே பகையானது.

ஆ) குளிர். அமெரிக்காவில், அலபாமா ஆற்றின் வளைவுக்குள் கிடக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் கொண்டு அங்கே போர்வை தைத்தார்கள். காற்றுப் புகும் பலகை வீடுகள். குளிரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தினால்தான் தூங்க முடியும். எனவே வடிவம் தைக்கத் தைக்க மாறியது, போர்வையும் முடிந்தது. 2002இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் நவீன ஓவியங்களுக்குரிய மரியாதையோடு தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன.

அறிவியலார் கேட்கும் ஒப்பீட்டுக் குழுவும் இதே வட்டாரத்தில் கிடைக்கிறது. 1966இல் அங்கே தொடங்கிய ‘ஃபிரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு, 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. உறைகள் ஒன்றுபோல் ஒன்று இருந்தாக வேண்டும்; இருந்தன. மிச்சமான கார்டுராய் வெட்டுத்துணிகள் வீடுகளுக்குப் போய்ப் போர்வையாயின. அவற்றில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒரே வட்டாரம், ஒரே துணி. பகலில் கம்பெனிக்கு மாறாத கை, இரவில் தனக்கென்று வரும்போது மாறுகிறது. ஆகவே மனமாற்றம் என்பது கையின் தடுமாற்றமன்று; கேட்க ஆளில்லாத இடத்தில் கை எடுத்துக்கொள்ளும் உரிமை. இவ்வாய்வின் முடிந்த முடிபு இதுவேயாயினும், பக்க அளவு கருதி ஆய்வு தொடர்கிறது.

இ) விதிவிலக்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கில், எதைத் தேர்வது என்ற வினாவை வேரோடு பிடுங்கினார்: எல்லாவற்றையும் தேர்ந்தார். அவருடைய போர்வையில் 169 சதுரங்கள், ஓரங்களில் 52 முக்கோணங்கள், மூலைக்கொரு கட்டமாக நான்கு. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ‘போர்க்காலம், 1863’ என்றும், ‘துண்டுகள் 5602’ என்றும் அதிலேயே தைத்து வைத்தார். அது இப்போது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனம் மாறும் ஒவ்வொரு தடவையும் பழையதைப் பிரிக்காமல் பக்கத்தில் புதியதைத் தைத்தால் எதுவும் வீணாகாது என்பது அம்மையார் நிறுவிய கோட்பாடு.

6. மாற்றத்தின் வகைகள்

முதல்வகை, பெயர் மட்டும் மாறுவது. ‘அலையும் பாதம்’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு பழைய அமெரிக்க வடிவம் இருந்தது. அதன்கீழ் உறங்கும் பிள்ளை ஊர் ஊராகத் திரியும் என்று அஞ்சினார்களாம். டிசைனில் ஒரு தையலையும் தொடாமல் ‘வான்கோழிக் காலடி’ என்று பெயரை மாற்றினார்களாம், பயம் நீங்கியதாம். படம் ஓடவில்லையென்றால் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் நம் நடிகர்களின் முறையும் இதுவே. செலவு குறைந்த வகை.

இரண்டாம் வகை, பிழையே வடிவமாவது. இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதால் அக்காலத்தார் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாகத் தைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. குயில்ட் வரலாறு எழுதுபவர்கள் அதற்குச் சான்றில்லை என்கிறார்கள். சான்றில்லாவிட்டாலும் பயனுண்டு: பிரித்துத் தைக்கச் சோம்பல் வரும்போதெல்லாம் தகவலாளிக்குத் தெய்வபக்தி வருவது கவனிக்கப்பட்டது.

மூன்றாம் வகை, துணி தானே மாறுவது. இதில் சென்னைக்குத் தனிப்பெருமை உண்டு. 1960களில் அமெரிக்கர்கள் விரும்பி வாங்கிய மெட்ராஸ் கட்டத்துணி துவைக்கத் துவைக்கச் சாயம் போய், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் குறையையே சிறப்பென்று விளம்பரம் செய்து விற்றார்கள். அப்படிப்பட்ட சிவப்பு ஒன்றை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் போர்வை முழுதும் இளஞ்சிவப்பாகி, டிசைன் பற்றிய எல்லா விவாதமும் அடங்கிவிடும். இதனாலேயே வெட்டுமுன் துவைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி, கூடாது என்பது மறு கட்சி. இரு கட்சிக்கும் சமாதானம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

நான்காம் வகை, அளவு மாறுவது. பெரிய துண்டைச் சிறிதாக வெட்டலாம். சிறியதைப் பெரிதாக்க எந்தக் கத்தரியாலும் ஆகாது. மேலும் ஒவ்வொரு துண்டும் சுற்றிலும் கால் அங்குலத்தைத் தையலுக்குக் கொடுத்துவிடும். நாலரை அங்குலம் வெட்டினால் நாலு அங்குலம்தான் கண்ணில் படும். பிரித்து மறுபடி வெட்டும்போது அதிலும் குறையும். எனவே மனமாற்றம் ஒருதிசைப்பட்டது. இரட்டைக் கட்டிலுக்கென்று பிறந்த டிசைன் ஒற்றைக் கட்டிலுக்கு வரும். பிறகு தொட்டில், மேசை விரிப்பு. கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணியாகிக் குக்கரை இறக்கும். இதைத் தேய்வு விதி என்க.

7. மறுப்பும் விடையும்

மறுப்பு ஒன்று: “சென்னையில் குளிரில்லை என்பது பொருந்தாது, ஏ.சி. இருக்கிறதே?” விடை: ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக் குயில்ட் போர்த்திக்கொள்ளலாம்தான். ஆனால் அது ரிமோட்டுக்கு அடங்கிய குளிர். அஞ்சத்தக்க குளிர் மட்டுமே தைக்க வைக்கும்.

மறுப்பு இரண்டு: “துணி ஒருநாள் தீருமே?” விடை: மறுப்பாளர் தகவலாளியின் பீரோவைத் திறந்து பார்க்காதவர்.

மறுப்பு மூன்று: “தேதி குறித்துக்கொண்டால் என்ன? நாத்தனார் மகள் முழுகாமல் இருக்கிறாள், குழந்தைக்கென்று தைக்கலாமே?” இது வலிய மறுப்பு. ஆனால் பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று புதிதாக எதுவும் தைக்கலாகாது என்பது நம் வீடுகளில் வழக்கு; பிறந்த பிள்ளைக்கும் முதலில் பழந்துணிதான். ஆகவே பிறந்தபின்தான் கத்தரி எடுக்கப்படும். முதலில் யானை டிசைன். ஆறாம் மாதம் குப்புற விழும்போது நட்சத்திரம். பிள்ளை நடக்கும்போது மறுபடி யானை, வேறு நீலத்தில். பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறது. மேற்சொன்ன தேய்வு விதிப்படி போர்வை சிறுத்துக்கொண்டே வருகிறது. இவ்விரு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் இட்டால், தொட்டிலுக்குப் போர்வை பொருந்தும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அது பெரும்பாலும் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கும் வாரத்தில் கடந்துபோய்விடும்.

8. முடிவுரை

துணி நிறைந்து, குளிர் குறைந்து, நாள் குறிக்காத இல்லத்தில் குயில்ட் முடியாது என்ற கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. முடிந்த போர்வையை மடித்து வைப்பதன்றி அதனோடு செய்ய ஒன்றுமில்லை. முடியாத போர்வையோடு ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம். தேர்வு செய்வது தைப்பதற்கு முந்தைய படி என்ற கருத்து இனிக் கைவிடப்பட வேண்டும். தைப்பதுதான் தேர்வுகளுக்கு இடையே எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

மேலாய்வுக்குரிய களங்கள்: தையல் பிரிக்கும் ஊசி சோபாவில் தொலைவதும் உட்காருபவர் அதைக் கண்டுபிடிப்பதும், “இதுதான் கடைசி, இனிமே துணி வாங்கல” என்ற தொடரின் காலாண்டுப் பரவல், உணவு மேசையில் உணவின் இடம்.

ஆய்வு அறத்தின்படி இக்கட்டுரை சரிபார்ப்புக்காகத் தகவலாளியிடம் அளிக்கப்பட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். தாள்களைத் தரையில் பரப்பி, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் வந்திருக்கு. ஆறாவதைத் தூக்கி மேல வைங்க. நாலாவதை அப்படியே திருப்பிப் போடுங்க. நடுவுல எங்கேயாவது கொஞ்சம் சிவப்பு வேணும்.”