கருவட்டச் சாசனம்: ஸ்ரேசன் வாகனுக்கு ரயர் தெரிதல் குறித்து ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வுப் பொருளும் எல்லையும்

கார் வாங்கும்போது குடும்பம் கூடியிருந்து ஆராயும் பொருள்கள் பல. நிறம், இருக்கைத் தோல், பின்பக்கக் கமரா, எண்சாத்திரப்படி கூட்டுத்தொகை வரும் நம்பர் பிளேற் ஆகியன அவற்றுட் சில. இவற்றில் ஒன்றுகூட வீதியைத் தொடுவதில்லை. வீதியைத் தொடுவன நான்கு ரயர்களே. ஒவ்வொன்றும் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அப்பா, அம்மா, பிள்ளைகள், அம்மம்மா, அவர் மடியிலிருக்கும் பலகாரப் பெட்டி யாவும் நெடுஞ்சாலை 401இல் மணிக்கு நூறு கிலோமீற்றரில் விரைவது இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். இவ்வளவு பெரிய நம்பிக்கைக்கு இதுகாறும் ஒரு கருத்தரங்கும் நடத்தப்படவில்லை. அக்குறையை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை வருமாறு. காலம்: பழைய ரயர் மொட்டையானது முதல் புதியது பூட்டப்படும் வரை. இடம்: ரொறன்ரோவும் சூழவுள்ள நகரங்களும். பொருள்: சுபாரு அவுட்பாக் எனும் ஸ்ரேசன் வாகனுக்குரிய மாற்று ரயர்கள். எஸ்.யூ.வி. உடையோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் எந்த முடிவையும் ஏற்கும் உயரத்தில் இல்லை. அதற்கு மேலே இருக்கிறார்கள்.

இயல் 2: வரலாற்றுப் பின்னணி

காற்றடைத்த ரயர் புகழ்பெற்றதே ஒரு குடும்ப வாகனத்தின் பொருட்டுத்தான். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் எனும் மிருக வைத்தியர் தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்கு அதைச் செய்து கொடுத்தார். அதே எண்ணத்துக்கு ரொபேட் வில்லியம் தொம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்து, டன்லொப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று. முந்தியவர் யார் எனும் சண்டை தமிழ்ப் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

எம்மவர் தொடர்பும் இல்லாமலில்லை. இலங்கையின் முதல் ரப்பர் கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் மிச்செலின் கையேடு 1900இல் வெளிவந்ததும் ரயரின் பொருட்டே. சனங்கள் நெடுந்தூரம் ஓடினால் ரயர் தேயும்; தேய்ந்தால் மிச்செலினுக்கு வியாபாரம். பசியையும் தேய்மானத்தையும் ஒருங்கே கண்ட ஞானம் அது.

குட்இயர் நிறுவனம் 1977இல் ‘ரியெம்போ’ எனும் ஓல் சீசன் ரயரை வெளியிட்டது. பனிநாட்டில் ஆண்டுக்கு இருமுறை ரயர் மாற்றிக் களைத்திருந்தோர் அதை வரவேற்றனர். இவ்வாய்வின் சிக்கல் முழுவதும் அன்று தொடங்கியது.

இயல் 3: மூலச் சான்றுகள்

முதன்மைச் சான்று ரயரின் பக்கச் சுவரிற் பொறிக்கப்பட்ட சாசனம். வட்டமாக இருப்பதால் எங்கே தொடங்கி வாசிப்பது எனும் ஐயம் எழும். பெரிய எழுத்தில் தொடங்குக. அவுட்பாக் வகையொன்றின் சாசனம்: 225/65R17 102H.

இதன் உரை: 225 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சுவரின் உயரம் என்பது. கணக்கிட்டால் 146 மில்லிமீற்றர். R என்றால் ரேடியல். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீற்றர், வீதம், அங்குலம் மூன்றும் வருவது இடைச்செருகலோ என ஐயுறற்க; மூலபாடமே அவ்வாறுதான்.

102 சுமைக் குறியீடு: ரயர் ஒன்று 850 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து தாங்கும் 3,400 கிலோவிற்குள் வாகனமும் குடும்பமும் அரிசி மூட்டைகளும் அடங்கிவிடும். ஆயினும் 102க்குக் குறைந்த எண்ணுள்ள ரயரை ‘அதே சைஸ்தான், மலிவு’ என்று எவர் தந்தாலும் கொள்ளற்க. H என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரை தாங்கும் எனும் உறுதி. இவ்வுறுதியைப் பொலிசாரிடம் எடுத்துரைப்பதிற் பயனில்லை.

அடுத்து, DOT எனத் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் பிறந்தது என்க. ‘புத்தம் புதுசு’ என விற்கப்படும் ரயரின் உண்மை வயது இங்கேதான் வெளிப்படும். சம்பந்தம் பேசுமுன் சாதகம் கேட்கும் சமூகம் இந்த நான்கு எண்களைக் கேளாதிருப்பது வியப்புக்குரியது.

பின்னர் தேய்வெண். இது அமெரிக்க முறை. ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அஞ்சலோ நகரையொட்டிய வீதிகளில் 7,200 மைல் ஓட்டி, 100 எனக் கொள்ளப்பட்ட ஒப்பீட்டு ரயரோடு தேய்வை அளப்பர். எண்ணை இடுவதோ ரயர்க் கம்பனியே. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்றதாகையால், ஒரு கம்பனியின் 600ஐ மற்றதன் 700ஓடு ஒப்பிட்டு மனம் குழம்பற்க.

இரண்டாம் சான்று வாய்மொழி மரபு. பிறந்தநாள் விருந்துகளில் மூத்தோர் ஒருவர் கூறுவார்: “நான் வந்த நாள் துவக்கம் ஓல் சீசனிலதான் ஓடுறன். ஒண்டும் நடக்கேல்லை.” இச்சான்றின் குறைபாடு வெளிப்படை. நடந்தவர் விருந்துக்கு வருவதில்லை.

இயல் 4: மூன்று கட்சிகள்

முதற்கட்சியார், ஓல் சீசன் எக்காலத்துக்கும் போதும் என்பர். மறுப்பு: தொல்காப்பியர் பெரும்பொழுது ஆறென வகுத்தார். காரும் கூதிரும் இருவேனிலும் இந்த ரயருக்கு அடங்கும். முன்பனி, பின்பனி என அவர் சொன்னவை ஸ்காபரோவின் ஜனவரியைக் கருதியவை அல்ல. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடி தளரும். சுவரில் M+S என்று சேற்றையும் பனியையும் குறித்திருப்பது தவாளிப்பின் வடிவத்தைப் பற்றியதேயன்றி, எவரும் பனியில் ஓட்டிச் சோதித்த சான்றன்று.

இரண்டாம் கட்சியார், வின்ரருக்கு ஒரு தொகுதி, மற்றக் காலத்துக்கு ஒரு தொகுதி என்பர். இவர்க்கு அரசின் துணையும் உண்டு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை, ஆனால் பூட்டுவோர்க்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்கவேண்டும் என்பது 2016 முதல் விதி. கியூபெக் சட்டம் அங்கே பதிவான வாகனங்களுக்கே உரியது. ஆகவே மொன்றியற் கலியாணத்துக்கு ஒன்ராறியோ பிளேற்றோடு போவோரைச் சட்டம் விட்டுவிடும். பனி பிளேற் பார்ப்பதில்லை.

இரட்டைச் செலவு என்பாரின் தடைக்கு விடை: ஒன்று ஓடும்போது மற்றது கராஜில் உறங்குவதால் இரண்டும் நீண்டநாள் உழைக்கும். மெய்யான மேலதிகச் செலவு றிம்மும், கழற்றிப் பூட்டும் கூலியும், வைக்க இடமும்.

மூன்றாம் கட்சியார் சமரசவாதிகள்: ஓல் வெதர் ரயர். மும்முடி மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்த சின்னம் இதற்குண்டு. 1999இல் வந்த இச்சின்னம், இறுகிய பனியிற் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். எனினும் சோதிப்பது முன்னோக்கி இழுக்கும் பிடியை மட்டுமே. நிறுத்தும் பிடியையோ கண்ணாடிப் பனியையோ அன்று. புறப்படுவதற்குச் சான்றிதழ் உண்டு, நிற்பதற்கு இல்லை.

இயல் 5: களவாய்வு

தகவலாளர்: கராஜ் உரிமையாளர். உரையாடலின் ஒரு பகுதி:

“தம்பி, ஒண்டுதான் வெடிச்சது. ஒண்டை மட்டும் மாத்தேலாதோ?”

“மாத்தலாம் அண்ணை. இது நாலு சில்லும் இழுக்கிற கார். ஒண்டு புதுசு, மூண்டு தேய்ஞ்சது எண்டால் சுத்துற அளவு வித்தியாசப்படும். பிறகு உள்ளுக்குக் கியர் தேய, என்னட்டைத்தான் வருவியள்.”

“நைட்ரஜன் அடிச்சால் நல்லமோ?”

“வெளியில இருக்கிற காத்தில நூற்றுக்கு எழுபத்தெட்டு அதுதானண்ணை. மிச்சத்துக்குக் காசு தரப்போறியளோ?”

இத்தகவலாளரின் நேர்மை வணிக மரபுக்குப் புறம்பானது எனினும், தரவு ஏற்கப்பட்டது.

இயல் 6: முடிபு

மேற்கண்ட சான்றுகளால் துணியப்படுவது: ரயர்த் தெரிவைத் தீர்மானிப்பது பனியன்று, வீட்டாரின் தொழில். பனி கொட்டும் காலையில் “இண்டைக்கு வரேலாது” என்று சொல்லும் அதிகாரம் உடையவர்க்கே ஓல் சீசன் பொருந்தும். விடியற்காலை வேலைமுறைக்குப் போகும் தொழிலாளி, நோயாளியைப் பார்க்கும் தாதி, டயாலிசிசுக்கு அம்மாவைக் கூட்டிச்செல்லும் மகள் ஆகியோர்க்கு அவ்வதிகாரம் இல்லை. அவர்கள் இரண்டு தொகுதி வாங்குக. வைக்க இடமோ வசதியோ இல்லாதவர் மலைச்சின்னம் உள்ள ஓல் வெதரை நான்காக வாங்குக. ஒன்ராறியோச் சட்டம் தவாளிப்பு 1.5 மில்லிமீற்றர் வரை தேயவிடும். பனிக்கு 4 மில்லிமீற்றரிலேயே விடைகொடுத்து விடுக.

எந்தக் கட்சியிற் சேர்ந்தாலும் காற்று குறைந்தால் எல்லாம் வீண். வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறையும். எவ்வளவு அடிக்கவேண்டும் என்பது சாரதியின் கதவோரத்து ஒட்டுத்தாளில் உள்ளது. ரயரில் எழுதியிருப்பது உச்ச எல்லை மட்டுமே. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.