உடன்குடி வட்டாரத்துக் கணினிக் காற்றாடிகளின் சுழலாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

கணினியின் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றாடி சுற்றாமல் நிற்பது குறித்துத் தமிழில் விரிவான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறுத்து எழுதியிருப்பேன். பார்க்காததால் நானே எழுத வேண்டியதாயிற்று. ஆய்வுக் களம், உடன்குடி கடைத்தெருவில் உள்ள ஒரு கருப்பட்டிக் கடை. ஆய்வுப் பொருள், அங்கே பில் போடும் கணினியின் பின்பக்கக் காற்றாடி: 12 செ.மீ. அகலம், 12 வோல்ட், கறுப்பு நிறம். தகவலாளி கடை உரிமையாளர். இனி 'அண்ணாச்சி' எனச் சுட்டப்படுவார்.

முன்னோர் கருத்தை முதலில் நோக்குவோம். தொல்காப்பியர் இப்பொருள் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவர் காலத்தில் எல்லாக் காற்றாடியும் ஒழுங்காகச் சுற்றின என்று கொள்வது நம் ஆய்வு மரபு. யானும் அவ்வாறே கொள்கிறேன். அடுத்து, இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல். 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதினார், 1881-இல் திருநெல்வேலி வரலாறு எழுதினார். இரண்டிலும் கணினிக் காற்றாடி இல்லை. செம்மணல் தேரியின் காற்றை அத்தனை காலம் மூஞ்சியில் வாங்கியவர் இதை ஏன் மறைத்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.

இனிச் சுழலாமையின் வகைகள்.

மின்சாரம் இன்மையால் சுழலாமை: பிளக்கைச் செருகவும்.

வயர் இறக்கையில் தட்டுவதால் சுழலாமை: வயரை ஒதுக்கிக் கட்டவும்.

வேண்டுமென்றே சுழலாமை சற்று நுட்பமானது. சூடு ஏறும் வரை காற்றாடியை நிறுத்தியே வைக்கும் ஏற்பாடு இப்போது பல போர்டுகளில் உண்டு. இது நோயன்று, சிக்கனம். ஆனால் 4 ஊசிக் காற்றாடியை, வோல்ட்டைக் குறைத்து ஓட்டும் முறையில் பயாஸில் வைத்துவிட்டு, அளவையும் மிகக் கீழே இறக்கினால் அது கிளம்பவே திணறும். அங்கே சிக்கனம் கஞ்சத்தனமாகிறது.

சுழன்றும் சுழலாமை என்று ஒரு வகை உண்டு. காற்றாடியின் மூன்றாவது வயர் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பும். போர்டு அதை எண்ணித்தான் வேகத்தைச் சொல்லும். அந்த ஒரு வயர் அறுந்தால், கண்ணெதிரே காற்றாடி விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்க, திரையில் பூஜ்யம் என்று வரும். ஓய்வூதியர் நேரில் வந்து கும்பிட்டு நின்றாலும் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கும் கருவூலம் போல, போர்டு காற்றாடியை நம்பாது, வயரைத்தான் நம்பும். அத்வைதிகள் இவ்வகையை ஆராயலாம்.

மண்ணால் சுழலாமைக்கு உடன்குடி தகுந்த இடம். பக்கத்திலேயே குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல், தென்மேற்குக் காற்று கிளம்பியதும் ஊருக்குள் வந்து குடியேறும். இந்த வட்டார மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க, சாத்தான்குளம் பக்கம் ஆலை கட்ட 2007-இல் டாடா நிறுவனம் திட்டமிட்டது. நிலம் கொடுக்க மக்கள் மறுத்துப் போராடியதில் திட்டம் நின்றுபோனது. அண்ணாச்சியின் கேபினட்டோ எவ்வித எதிர்ப்புமின்றி அதே மணலைச் சேகரித்துக்கொண்டிருந்தது. கடல் காற்றின் உப்பு ஊசியில் பச்சைக் களிம்பு ஏற்ற, கருப்பட்டித் தூளுக்கு வந்த எறும்புகள் கீழ்த்தளத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த மண்ணை புளோயர் வைத்து ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். முப்பந்தலில் காற்று இறக்கையைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்களே, அதே விதிதான். ஊதிச் சுற்றினால் காற்றாடி குட்டி மின்னாக்கியாகிப் போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங்கும் கெடும். அண்ணாச்சி பிடித்துக்கொள்ளவில்லை. விர்ரென்று சுற்றியதைப் பார்த்து, "சரியாயிட்டுலா!" என்றார் (அண்ணாச்சி, வாய்மொழி).

இனி இவ்வாய்வின் உயிர்நிலையான துடிப்பியலுக்கு வருகிறேன். ஸ்விட்சைப் போட்டதும் காற்றாடி ஒரு விரற்கடை அசைந்து நின்றுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி அசையும், மறுபடி நிற்கும். சுருள்களுக்கு எதிரே காந்தத்தின் எந்த முனை நிற்கிறது என்பதை ஹால் உணரி பார்த்துச் சொல்ல, அதைக் கேட்டு மின்சாரத்தை மாற்றிவிடுவது ஒரு சில்லு. எண்ணெய் வற்றிப் புஷ் இறுகிவிட்டாலோ, ஒரு சுருள் செத்துவிட்டாலோ, கிளம்பும் விசை போதாது. மாட்டிக்கொண்டோம் என்று கண்ட சில்லு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப முயலும். துடிப்பு என்பது அவ்வளவே.

ஆனால் அவ்வளவே என்று எழுதினால் முனைவர் பட்டம் கிடைக்காது. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. காற்றாடி துடித்தால் என்ன பலன் என்று சொல்லவில்லை. இக்குறையைப் போக்கக் களத்தில் தரவு திரட்டினேன். காலையில் துடித்தால் வெளியூர் ஆர்டர் (அண்ணாச்சி, காப்பிக்கு முன்). காலையில் துடித்தால் கடன்காரன் (அண்ணாச்சி, காப்பிக்குப் பின்). துடிப்புக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை (அண்ணாச்சி, தம் முந்தைய இரு கூற்றையும் மறுத்து, கடையைச் சாத்தும்போது, சாவியைப் பல்லில் கடித்தபடி, பூட்டைக் கடித்தபடி என்பது பாடபேதம்). மூன்றாம் கூற்று பிற்காலத்து இடைச்செருகல் என்பது என் துணிபு. என் கருத்துக்கு ஒத்துவராத பகுதிகள் எல்லாமே இடைச்செருகல்கள் என்பது மூலபாட ஆராய்ச்சியின் முதல் விதி.

துடிக்கும் காற்றாடியைத் தட்டிவிட்டால் சில நேரம் கிளம்பும். எதனால் தட்டுவது என்பதில் மூன்று மரபு உண்டு: ஈர்க்கு, பேனா மூடி, விரல். விரல் மரபினரில் எஞ்சியோர் ஈர்க்கு மரபுக்கு மாறிவிட்டனர். எப்பக்கம் தட்டுவது என்பதில் இரு பெரும் பள்ளிகள். வலஞ்சுழிப் பள்ளியின் தலைவர் அண்ணாச்சி. இடஞ்சுழிப் பள்ளியின் தலைவர், எதிர்க்கடையில் அலுமினியப் பாத்திரம் விற்கும் அவர் மைத்துனர். "வே மச்சான், நீரு தப்பாத் தட்டுதீரு" என்று அவர் தொடங்கினார் (மைத்துனர், வாய்மொழி, கல்லாவின் மேல் சாய்ந்து, கையில் பாதி வடை). "நீரு உம்ம சட்டியப் போய்த் தட்டும்வே" என்பது மறுப்புரை (அண்ணாச்சி, மேற்படி வடையின் மறுபாதி அவர் வாயில் இருந்ததால் சில எழுத்துகள் சிதைந்துள்ளன, அடைப்புக்குள் உள்ளவை பதிப்பாசிரியர் ஊகம், அடைப்புகள் அச்சகத்தில் விடுபட்டன).

இவ்விவாதம் குறித்து நாற்பது பக்கம் எழுதிய பிறகு ஒன்றைக் கண்டேன். அண்ணாச்சி காற்றாடியைக் கேபினட்டின் வெளிப்பக்கம் நின்று பார்க்கிறார். மைத்துனர் மூடியைத் திறந்து உட்பக்கமிருந்து பார்க்கிறார். ஒருவருக்கு வலமாகத் தெரிவது மற்றவருக்கு இடமாகத் தெரியும். தவிர, சட்டத்தின் ஓரத்திலேயே சுழலும் திசைக்கு ஒன்று, காற்று போகும் திசைக்கு ஒன்று என இரண்டு அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. இரு பள்ளியினரும் அவற்றைப் பார்க்கவில்லை. இதை வெளியிட்டால் இரண்டு பள்ளிகளும் கலைந்து, அடுத்த கருத்தரங்குக்குத் தலைப்பு இல்லாமல் போகும். எனவே யாரும் படிக்காத அடிக்குறிப்பில் வைத்துவிட்டேன்.

எண்ணெய் குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. காற்றாடியின் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் புஷ் வைத்தவை பல மறுபிறவி எடுக்கும். மைத்துனர் தேங்காய் எண்ணெய் விட்டார். அது நாளடைவில் பிசினாகி, இருந்த துடிப்பையும் நிறுத்தியது. தலைக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்.

ஆய்வு இந்த நிலையில் இருக்கும்போது, கடையில் பெட்டி கட்டும் தம்பி ஒருவன் குறுக்கிட்டான். பிளஸ் டூ முடித்தவன். ஆய்வு நெறிமுறை எதுவும் பயிலாதவன். "அண்ணாச்சி, இந்த ஊசில வேற காத்தாடிய மாட்டிப் பாத்தா, கோளாறு காத்தாடியிலயா போர்டுலயான்னு தெரிஞ்சிரும்லா" என்றான். பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டினான். சுற்றியது. போர்டில் கோளாறில்லை, காற்றாடிதான் போய்விட்டது என்று சொல்லி, சுற்றும் காற்றாடியை அங்கேயே நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, திருச்செந்தூர் போகும் பார்சலைக் கட்டப் போய்விட்டான்.

இம்முடிவை நான் ஏற்கவில்லை. மேற்கோள் இல்லை, முன்னாய்வு மதிப்பீடு இல்லை, கோட்பாட்டுச் சட்டகம் இல்லை. பணம் கட்டினால் மறுநாளே கட்டுரை ஏற்கும் இதழ்கள்கூட இதை ஏற்கத் தயங்கும். காற்றாடி சுற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் சுழலாமை பற்றிய ஆய்வுக்கு அது பொருத்தமற்ற தரவு. எனவே பழைய காற்றாடியை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேலும் இருநூறு பக்கம் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஆய்வேட்டை எடை பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. உடன்குடியிலிருந்து மணப்பாடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். மதியத்துக்குச் சீலா மீன் கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்தேன்.