நெற்றி காலியாக இல்லை

போன வாரம் பார்லருக்குப் போனது நுனி வெட்டத்தான். நுனி மட்டும். கழுத்தைச் சுற்றி அந்தக் கறுப்புத் துணியைக் கட்டி முடிப்பதற்குள், அந்தப் பெண் என் முன்தலையிலிருந்து ஒரு கத்தை முடியை எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல், நெற்றிமேல் மடக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். "மேம், உங்க ஃபேஸுக்கு பேங்ஸ் வச்சா செமையா இருக்கும். அஞ்சு வயசு கம்மியா தெரியும்."

பக்கத்து நாற்காலியில் ஃபேஷியல் பூச்சோடு சாய்ந்திருந்த அம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஆமாங்க, எடுப்பா இருக்கு" என்றார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அஞ்சு வயதைக் குறைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அஞ்சு வருஷம் பின்னால் போனால் மறுபடியும் பையனுடைய ப்ளஸ் டூ. மறுபடியும் டியூஷன், மறுபடியும் கட் ஆஃப், மறுபடியும் ராத்திரி பதினோரு மணிக்கு ஹார்லிக்ஸ். காசு கொடுத்து அனுப்பினாலும் அந்த வயதுக்கு நான் போகமாட்டேன்.

"வேண்டாம்மா, நுனி மட்டும் வெட்டு" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அன்று ராத்திரியே பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, போனி டெயிலை உச்சிக்கு மேல் தூக்கி, அதன் நுனியை நெற்றியில் தொங்கவிட்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதவைத் தாழ்போட்டுவிட்டுப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். பேங்ஸ் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் முக வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நெற்றி, கன்ன எலும்பு, தாடை மூன்றின் அகலத்தையும், முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முகவாய் வரைக்குமான நீளத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். வட்ட முகமா? முன்முடியைப் பக்கவாட்டில் சாய்த்து விடு. நீள முகமா? புருவம் வரைக்கும் நேராக வெட்டு, முகம் குட்டையாகத் தெரியும். சதுரத் தாடையா? மெல்லிசாக வெட்டி, நடுவில் பிரித்து, இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி விடு. நெற்றி அகலமாகவும் முகவாய் கூராகவும் இருக்கிறதா? அதற்கும் அதே திரைச்சீலை. முட்டை வடிவமா? கொடுத்து வைத்தவள், எப்படி வேண்டுமானாலும் வெட்டு. இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்தாலும் "உனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று ஒரு வரி கிடையாது. கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்?

அம்மா காலத்தில் இந்த அளவெடுப்பெல்லாம் இல்லை. சாதனா கட் என்றால் சாதனா கட். 1960-ல் வந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்தை எடுத்தபோது, கதாநாயகி சாதனாவுக்கு நெற்றி அகலமாக இருக்கிறதென்று டைரக்டர் ஆர்.கே. நய்யாருக்குத் தோன்றியது. ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி முன்முடியை வெட்டிவிட்டார்கள். அப்புறம் 1966-ல் அந்த டைரக்டரே சாதனாவைக் கல்யாணம் செய்துகொண்டார், அது வேறு கதை. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத எங்கள் பெரியம்மாகூட சாதனா கட்டோடு ஸ்டூடியோவில் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டவர்தான். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் விஷயம் எங்கே ஆரம்பித்தது பாருங்கள். ஒரு ஆண் ஒரு பெண்ணின் நெற்றியைப் பார்த்து "இது கொஞ்சம் அதிகம்" என்று நினைத்த இடத்தில். எங்கள் வீட்டு ஆண்களுக்கு நெற்றி வருஷாவருஷம் பின்வாங்கிக்கொண்டே போய் இப்போது உச்சியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பெயர் ஏறு நெற்றி, அறிவாளியின் லட்சணம். எனக்கு அரை அங்குலம் ஏறினால் மட்டும் மறைக்க வேண்டுமாம்.

பார்லர் பெண் கிளியோபாட்ராவையும் சாட்சிக்கு இழுத்தாள். சுவரில் எலிசபெத் டெய்லர் படம் மாட்டியிருந்தது. அது 1963-ல் வந்த சினிமாம்மா. நிஜக் கிளியோபாட்ரா தன் முகத்தைப் போட்டு அடித்த நாணயங்களில் முடியை இழுத்து வாரி, பின்னால் கொண்டை போட்டிருக்கிறாள். எகிப்தையே ஆண்டவள், நெற்றியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆண்டிருக்கிறாள்.

சரி, அவர்கள் ஊர் நெற்றியை விடுங்கள். நம் ஊர்ப் பெண்ணின் நெற்றி சும்மாவா கிடக்கிறது, முடியை இறக்கி மூட? முதலில் பொட்டு. பேங்ஸுக்குள் பொட்டு இருக்கிறதா இல்லையா என்று என் மாமியார் விலக்கிப் பார்க்காமல் விடமாட்டார். அப்புறம் விபூதி. நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரு கையால் என் கண்ணை மறைத்துக்கொண்டு, மறுகையால் பூசி, ஃபூ என்று ஊதுவாள். பேங்ஸ் இருந்தால் அவ்வளவும் முடியில்தான் உட்காரும். முந்தின நாள் அடித்த டைக்கு மரியாதை என்ன? அப்புறம் கோயில் சந்தனம், மேலே குங்குமம். அப்புறம் தலைவலி. 1893-ல் பம்பாயில் பிறந்து பின்னால் நம் சென்னைக்கே வந்து சேர்ந்த அமிர்தாஞ்சன் யாருடைய நெற்றியை நம்பி வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதைத் தேய்த்த நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டால் ரெண்டு நாளைக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. தைலத்துக்கு அடங்காத தலைவலி என்றால் சுக்கை இழைத்துப் பற்று. காய்ந்த பற்றோடு பேங்ஸையும் சேர்த்து உரிப்பதை நினைத்தாலே எனக்குத் தலைவலி வருகிறது.

இன்னும் இருக்கிறது. காய்ச்சலா என்று பார்க்கிறவர்கள் புறங்கையை வைப்பது அங்கேதான். கல்யாணத்தில் அத்தைமார்கள் வரிசையாக வந்து பட்டம் கட்டுவது அங்கேதான். நெற்றிச்சுட்டி தொங்குவது அங்கேதான். போதாதென்று பிரம்மா வேறு அங்கேதான் எழுதி வைத்திருக்கிறாராம். அழிக்க முடியாத எழுத்து என்கிறார்கள், மறைக்கவாவது அனுமதி உண்டா என்று யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாளைக்குப் பத்து தடவை "என் தலையெழுத்து!" என்று உள்ளங்கையால் படாரென்று அடித்துக்கொள்கிறோமே, அதுவும் அங்கேதான். பேங்ஸ் மேல் அடித்துப் பாருங்கள், சத்தமே வராது. சத்தமில்லாமல் அலுத்துக்கொள்கிற பெண்ணை எந்த வீட்டில் மதித்திருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். முகம் பொருந்தினால் மட்டும் போதாது, வாழ்க்கை முறையும் பொருந்த வேண்டுமாம். என் வாழ்க்கை முறை சென்னை. காலையில் ப்ளோ டிரை செய்து நேராக்கிய முடி, தெருமுனை வருவதற்குள் தன் சொந்த புத்தியைக் காட்டிவிடும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விட்டுப்போய், காயும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். நம் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். கொரியாவில் இளம் பெண்கள் பேங்ஸில் ரோலரைச் சுற்றிக்கொண்டே மெட்ரோ ரயிலில் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சுற்றிக்கொண்டு கிண்டி ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ரோலர் வேண்டாம், ஸ்கூட்டியில் போகலாமென்றால் ஹெல்மெட். கழற்றும்போது முன்முடி ஈரமாக, பட்டையாக, நெற்றியோடு அப்பிக்கொண்டிருக்கும். எந்த முக வடிவத்துக்கு அது பொருந்தும் என்று எந்தப் பட்டியலிலும் போடவில்லை.

இதில் சுழி வேறு. என் முன்வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுழி உண்டு. சின்ன வயதில் பாட்டி அதைத் தடவிப் பார்த்து, ஜாதகம் மாதிரி ஏதேதோ சொல்லுவாள். சுழி இருக்கிற இடத்தில் முடி தன் போக்கில்தான் பிரியும், எப்படி வெட்டினாலும் அங்கே ஒரு சந்து விழும். நரை என்னவோ எனக்கு முதலில் முன்தலையில்தான் வந்தது. ஆக, மறைப்பதற்கென்று இறக்குகிற முடியை மறைக்க இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், கண்ணுக்குள் குத்தாமலிருக்க மாதாமாதம் பார்லர். அலுத்துப்போய் வளர்த்துவிடலாமென்றால் புருவத்திலிருந்து முகவாயைத் தொட ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்க ஸ்லைடும் ஹேர்பின்னுமாகத்தான் கழிய வேண்டும். அஞ்சு வயது குறைகிறது என்றாளே அந்தப் பெண், அதில் ஒரு வயதை இதற்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே வரியில் சொல்கிறேன் என்றேன் இல்லையா? வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முடி, உங்கள் நெற்றி. ஆனால் வெட்டிக்கொண்டு நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்று "எனக்கு நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். நாத்தனார் போன தீபாவளிக்குக் கேட்டார், சொன்னேன். இன்னும் பேசவில்லை.